முதலாளி ஊரில் இல்லை

சிவகாசியில் அச்சகம் நடத்தும் தங்கப்பாண்டியன், ஆபீஸ் பாதுகாப்புக்கென்று காது கேட்கும், வாய் பேசும் கண்ணாடிக் கதவு ஒன்றைப் போட்டிருந்தார். அங்கே அச்சடிக்கக் கொடுத்திருந்த தன் மகள் கல்யாணப் பத்திரிகை என்ன ஆயிற்று என்று செல்லக்கனி ஆறாவது முறையாகப் போன் செய்தார். "நான் மதுரையில இருக்கேன்க்கா," என்றார் தங்கப்பாண்டியன், தன் நாற்காலியில் சாய்ந்தபடி.

கதவு சட்டென்று பூட்டிக்கொண்டது.

"முதலாளி மதுரையில் இருக்கிறார். உள்ளே இருக்கும் நீங்கள் யார்?" என்றது கதவு.

"நான்தாம்பா முதலாளி."

"தெரிந்தவர் யாராவது சொல்லட்டும். இல்லையென்றால் போலீஸைக் கூப்பிடுவேன்."

அப்போது போனும் கையுமாக வாசலில் வந்து நின்றார் செல்லக்கனி. கல்யாணத்துக்கு இன்னும் எட்டே நாள்.

"இவரைத் தெரியுமா?" என்று கதவு கேட்டது.

செல்லக்கனி கண்ணாடி வழியே நிதானமாகப் பார்த்தார்.

"தெரியலையே. அண்ணாச்சி மதுரையில இருக்காரு. இப்பத்தான் எங்கிட்ட சொன்னாரு."