முதல் படகில் ஓர் இடம்

தேயிலைத் தோட்டத்துத் துரை வரைபடத்தைப் பங்களா மேசையில் விரித்தார். காற்றுக்கு அது சுருண்டு சுருண்டு வர, துரைசானி ஒரு ஓரத்தைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

வருகிற சனியும் ஞாயிறும் படகுப் பயணம். நாலு சின்னப் படகு, பதினொரு பேர். லிந்துலையிலிருந்தும் டயகமவிலிருந்தும் துரைமார் குடும்பத்தோடு வருகிறார்கள். அணை கட்டித் தண்ணீர் நிறைந்த பிறகு இதுதான் முதல் தடவை. எங்கே சாப்பிடுவது, ராத்தங்கக் கூடாரம் எங்கே அடிப்பது என்று இரண்டு பேரும் ஒரு வாரமாகப் பென்சிலும் கையுமாகத்தான் திரிகிறார்கள்.

இந்தப் பெரிய இடத்து விளையாட்டில் கவ்வாத்துக் கங்காணி வீரய்யாவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தண்ணீருக்கு அடியில் கிடப்பது அவர் மலை; தேயிலைச் சரிவைத் தோட்டத்தில் மலை என்பார்கள். இருபது வருசம் ஆள் நிறுத்தித் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலை. எங்கே பாறை, எங்கே பள்ளம் என்று தோட்டத்தில் அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது. அதனால்தான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைந்ததும் பங்களாவுக்கு வரச்சொல்லி ஆள் விட்டார்கள்.

துரை பென்சிலால் கோடு இழுத்தார். கோடு வளைவைத் தாண்டி, தொழிலாளர் குடியிருந்து தண்ணீரில் மூழ்கிய பழைய லயத்துப் பக்கம் வந்து, நேராக வீரய்யாவின் மகள் மேலேயே போயிற்று.

ஆறு வயசுப் பிள்ளை. அம்மாக்கண்ணு என்று பேர். நாலு வருசத்துக்கு முன்னால் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். மலை ஓரத்தில்தான் புதைத்தார்கள். வருசா வருசம் அந்த நாளில் புருசனும் பெண்சாதியும் போய்ப் பால் ஊற்றிக் கும்பிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவார்கள்.

இந்த வருசம் அந்த நாள் சனிக்கிழமை. பிள்ளைக்கு மேலே முப்பது அடி தண்ணீர். லயத்து ஆளுக்குப் படகு ஏது?

துரையின் படகில் தனக்கு ஓர் இடம் கிடைத்தால் போதும். அந்த இடத்துக்கு மேலே போகும்போது ஒரு கை பாலைத் தண்ணீரில் விட்டுவிட்டால் பெற்ற மனசு ஆறிவிடும். இரண்டு நாளாக அவருக்கும் பெண்சாதி சண்முகவடிவுக்கும் இதே பேச்சுத்தான்.

கேட்டால் துரை தரமாட்டாரா? தருவார். கெட்ட மனுசர் இல்லை.

ஆனால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எனக்கு வேண்டும் என்று துரையிடம் வாய் திறக்க மாட்டார்கள். லயத்துக் கூரை ஒழுகினால், பிள்ளைகள் நனைகிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள். பெண்டுகள் காய்ச்சலில் படுத்தால் கொழுந்து குறையுமே தொரை என்பார்கள். அப்படிச் சொன்னால்தான் தகரம் வரும். வீரய்யாவின் அப்பனும் அப்படித்தான் கேட்டார். இவரும் அப்படியே கேட்டுக் கேட்டுப் பழகியவர்.

"இந்த இடத்தில் படகு போகுமா, வீரய்யா?" என்று துரை கேட்டார்.

வீரய்யா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த எடந்தாங்க மோசம், தொரை. வெட்டுன மரத்துக் கட்டையெல்லாம் அங்கனதான் நிக்குது. படகு அடியக் கிழிச்சிரும். மொதப் படகுல நான் முன்னால நின்னு கையக் காட்டுனா பயமில்லீங்க."

அங்கே ஒரு கட்டையும் கிடையாது. அத்தனை மரத்தையும் வேரோடு பிடுங்கி விறகுக்குக் கொண்டுபோனது அவருடைய ஆட்கள்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துரைசானிக்கு முகம் வெளுத்துவிட்டது. படகில் குழந்தைகளும் வருகிறார்கள். இரண்டு பேரும் இங்கிலீசில் கொஞ்ச நேரம் பேசினார்கள். வீரய்யாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு துரை ரப்பரை எடுத்து அந்தக் கோட்டை அழித்தார். புதுக்கோடு அணைக்கட்டுப் பக்கமாகத் திரும்பி, வீரய்யா ஒரு நாளும் கால் வைக்காத அக்கரைக்குப் போயிற்று.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தொரை, அங்கன எம்புள்ள கெடக்குது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் வரவில்லை. சொன்னால் கட்டை பொய்யாகிவிடும், பொய் சொன்ன கங்காணியை அப்புறம் யார் நம்புவார்கள் என்று அந்தப் பயம் வேறு.

துரை எழுந்து வந்து தோளைத் தட்டிக்கொடுத்தார். பதினொரு உயிரைக் காப்பாற்றினாய் என்றார். இரண்டு நாளும் முதல் படகில் உனக்கு இடம் என்றார்.

சாயங்காலம் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த சண்முகவடிவு, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. "ஏங்க, தொரை எடம் குடுத்தாரா?"

"குடுத்துட்டாரு. மொதப் படகுல."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"சனிக்கெழம எங்களுக்கு ஒம்பதாம் நம்பர் மலையில கொழுந்துங்க. அங்கேருந்து பாத்தா தண்ணி பூராவும் தெரியும். படகு புள்ளைக்கிட்ட வந்து நிக்கயில நானும் கூடைய எறக்கி வச்சிட்டுக் கும்புட்டுக்குவேன்."

வீரய்யா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார்.

"நாலு படகுல உங்க படகு எதுன்னு எப்புடிங்க எனக்குத் தெரியும்?"

"நான் முன்னால நின்னுக்கிட்டு இருப்பேன்" என்றார்.