ரங்கூன் இயற்பகையார்

கோயில் காலட்சேபத்தில் இயற்பகை நாயனார் கதையைக் கேட்டதிலிருந்து சபாபதிக்குத் தலைகால் புரியவில்லை. சிவபெருமானே அடியார் வேடத்தில் வந்து மனைவியைக் கேட்க, மறுபேச்சில்லாமல் கொடுத்தவராயிற்றே! அன்று முதல் எந்தத் தாடிக்காரரைக் கண்டாலும் சபாபதி காலில் விழுந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, ரங்கூனின் க்யிம்யிண்டைங் பேட்டையில் இருந்த அவர் வீட்டு வாசலில் நெஞ்சு வரை தாடியும் உடம்பெல்லாம் திருநீறுமாக ஓர் அடியார் வந்து நின்றார்.

"என்ன வேணும் சாமி?"

"உன் சம்சாரம்."

சபாபதிக்குப் புல்லரித்தது. வந்தேவிட்டார்!

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க சாமி! கமலாட்சி, கிளம்பு!"

கமலாட்சி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மறு நிமிடமே டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"கப்பல் வரைக்கும் நீயும் துணைக்கு வா" என்றார் அடியார்.

நாயனாரும் துணைக்குப் போனவர்தானே! சபாபதி பெட்டியைத் தலையில் சுமந்து, கூட்டத்தை விலக்கி, இருவரையும் சென்னைக் கப்பலில் ஏற்றிவிட்டார். பிறகு, காளை வாகனத்தில் இறைவன் காட்சி தருவாரென்று கைகூப்பி வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

கப்பல் நகர்ந்தது. மேல்தட்டில் அடியார் தாடியைக் கழற்றினார்.

ஊரிலிருந்து வந்த மச்சினன், கமலாட்சியின் தம்பி செல்லையா!

"அடிப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று கரையிலிருந்து அலறினார் சபாபதி.

கமலாட்சி எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "அம்மாவைப் பாக்கணும்னு நாலு வருஷமா உங்ககிட்டதானே கேட்டேன்? நீங்க எங்க விட்டீங்க? இயற்பகையார்தான் விட்டாரு!"