கால் கயிறு

“கையில கயிறு கட்டிக்கிட்டு லேத்துல நின்னா, கயிறு போவாது, கைதான் போவும். எத்தனை தடவை சொல்லுதேன்!”

வேன் சிங்காரப்பேட்டையைத் தாண்டும்போது ரத்தினவேல் மறுபடியும் ஆரம்பித்தார். ஓசூரில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து இதே பாட்டுதான். குருபரப்பள்ளியில் டீக்கு நிறுத்தியபோது, பக்கத்தில் கரும்பு ஜூஸ் பிழிந்துகொண்டிருந்தவரிடம் போய், கையிலிருந்த கயிற்றைக் கழற்ற வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

அவர் ஷிஃப்ட் சூப்பர்வைசர். கோவில்பட்டிக்காரர். அவரும் அவருக்குக் கீழே லேத் ஓட்டுகிறவர்களுமாகப் புதுச்சேரிக்குக் கிளம்பியிருந்தார்கள். மழைக்காலம், கூட்டம் இருக்காது, சர்ஃபிங் பலகையில் ஏறி அலையில் சறுக்கிப் பார்க்கலாம், அப்படியே பப்பில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்பது முத்துமணி போட்ட திட்டம்.

“டூர் வந்த எடத்துல கம்பெனி பேச்சு எதுக்கு சார்?” என்றான் முத்துமணி.

“சேஃப்டிக்கு லீவு கிடையாதுப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். சென்றாயன் மட்டும் சிரிக்கவில்லை.

கயிறோடு லேத்தில் நின்று ரத்தினவேலின் கண்ணில் மாட்டிக்கொண்டவன் திம்மராயன். அஞ்செட்டியிலிருந்து அவனைக் கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்துவிட்டதே சென்றாயன்தான். மகளுக்கு மொட்டை போட்ட கோயிலில் பூசாரி கட்டிவிட்ட கயிறு. மறுநாள் கழற்ற மறந்து மெஷினுக்கு வந்துவிட்டான். திங்கட்கிழமை விசாரணை. ரத்தினவேல் ஒரு வார்த்தை சொன்னால் எச்சரிக்கையோடு போய்விடும். சொல்லாவிட்டால் வேலை போய்விடும்.

“சார், கயிறு கட்னது தப்புதான். நான் இல்லேங்கல. ஆனா புதுசா வந்தவன், வேணும்னு செய்யல. ஒரு தபா விட்ருங்க சார்.”

“ரூல்னா ரூல்தான் சென்றாயா. வேணும்னு செஞ்சியா, மறந்து செஞ்சியான்னு மெஷின் கேக்குமா?”

கேட்காதுதான். சென்றாயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடற்கரை காலியாகக் கிடந்தது. லேசான தூறல். பஜ்ஜிக் கடைகள்கூட தார்ப்பாய் போட்டு மூடியிருந்தன. சர்ஃபிங் கற்றுத்தரும் மாதவன், ஒவ்வொருவருடைய கணுக்காலிலும் பட்டையைச் சுற்றி ஒட்டினான். பட்டையிலிருந்து ஒரு கயிறு போய்ப் பலகையில் சேர்ந்தது.

“என்ன ஆனாலும் இதை மட்டும் கழட்டிராதீங்க. கயிறு இல்லாம நீங்க விழுந்தா பலகை தனியா பறக்கும். யார் மண்டையையாவது பதம் பாத்துரும்.”

முத்துமணி ஏறினான், ஒரு நொடி நின்றான், விழுந்தான். சென்றாயன் நிற்கிற கட்டத்துக்கே போகவில்லை. வயிறு நிறைய உப்புத் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

இடுப்பளவு தண்ணீரில் பக்கத்தில் நின்ற ரத்தினவேல் குனிந்து, காலில் இருந்த பட்டையை டர்ரென்று பிரித்தார்.

“சார்! கழட்டக் கூடாதுன்னு சொன்னாரே?”

“உடம்புல ஒரு நூல் கெடந்தாலே எனக்கு ஆகாதுப்பா. கயித்தோட எப்படி நிக்க?”

அடுத்த அலையில் அவர் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். பலகை நேராகப் போய் மாதவனின் நெற்றியில் மோதியது. புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் வழிந்தது.

சர்ஃபிங் பள்ளியை நடத்தும் அம்மா கரையிலிருந்து ஓடிவந்தார்.

“கால்ல கட்டுன கயிறு எப்படிக் கழண்டுச்சு?”

ரத்தினவேல் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். இருக்கிற நாலு முடியை ரொம்ப நேரம் துவட்டினார்.

சென்றாயனுக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கூடவே திங்கட்கிழமையும் நினைவுக்கு வந்தது. விழுங்கிக்கொண்டான். தன்னை நினைத்தே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“நான்தான் மேடம் சரியா ஒட்டல” என்றான் மாதவன்.

“அப்ப இந்த மாசம் முழுக்க நீ கிளாஸ் எடுக்க வேணாம். போய் முதல்ல காயத்தைப் பாரு.”

பப்பில் அவர்கள் மேஜையைத் தவிர மற்றதெல்லாம் காலி. மனசு கேட்காமல் முத்துமணி மாதவனையும் கையோடு கூட்டி வந்திருந்தான். நெற்றியில் பிளாஸ்திரியோடு அவன் ரத்தினவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஃபிஷ் அண்ட் சிப்ஸ் வந்தது.

“மீன் வறுவலும் உருளைக்கெழங்கும்தானா? இதுக்கா இவ்ளோ பெரிய பேரு!” என்றான் முத்துமணி. மேஜை முழுக்கச் சிரிப்பு.

அந்தச் சத்தத்தில் ரத்தினவேல் மாதவன் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். எதிரே இருந்த சென்றாயனுக்கு மட்டும் கேட்டது.

“ஏம்ப்பா பழியை உன் மேல போட்டுக்கிட்ட?”

“உங்ககிட்ட வேலை பாக்குறவங்கல்லாம் சுத்தி நின்னாங்களே சார். அவங்க முன்னாடி உங்களுக்கு அசிங்கமா போயிருமேன்னுதான்.”

ரத்தினவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. மாதவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் வேணும்னு செய்யலப்பா. பழக்கதோஷம். வேணும்னு செய்யாத தப்பை ஊதிப் பெருசாக்குறவன் மனுஷனே இல்ல. நீ மனுஷன்!”

தன் தட்டில் இருந்ததிலேயே பெரிய மீன் துண்டாக எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

சென்றாயனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அதையேதான் சார் நானும் சொல்றேன். திம்மராயனும் வேணும்னு செய்யல...”

ரத்தினவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த துண்டைச் சாஸில் தோய்த்தார்.

“சாப்பிடுற எடத்துல கம்பெனி பேச்சு வேண்டாம் சென்றாயா.”