எட்டுச் சீட்டுகள்

ஆபீஸ் முகாமின் இரண்டாம் நாள் காலையில் படகு கவிழ்ந்தது. ஆற்றில் தத்தளித்த கணக்கரை, தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தவர் டிரைவர்.

"நீங்க இல்லேன்னா நான் இந்நேரம் பொணம்ண்ணே!" கணக்கர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மதியம் கூடாரத்தில் மேனேஜர் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்.

"சும்மா ஒரு விளையாட்டு. படகு முழுகப் போவுது. ஒருத்தரை இறக்கிவிட்டாத்தான் மத்தவங்க தப்பிக்கலாம். யாரை இறக்குவீங்க? எழுதுங்க."

கணக்கர் யோசிக்கவே இல்லை. நீந்திக் கரையேறக்கூடியவர் டிரைவர் ஒருவர்தானே!

பிரித்துப் பார்த்தால் எட்டுச் சீட்டிலும் 'டிரைவர்'. அவரே தன் சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தார். கூடாரமே விழுந்து விழுந்து சிரித்தது.

திங்கள்கிழமை, வேலைநீக்கக் கடிதத்தோடு டிரைவர் கணக்கரின் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"ஒரு ஆளைக் குறைக்கணுமாம். யாரைன்னு அன்னைக்கே எல்லாரும் ஏகமனசா எழுதிக் குடுத்துட்டோமாம்."

கணக்கர் நாற்காலியை விட்டு எழுந்தார். "உங்களுக்கு நீச்சல் தெரியும்னுதாண்ணே எழுதினேன்..."

"அதைத்தான் நானும் மேனேஜர்கிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'அப்புறம் என்ன கவலை? எங்க தள்ளிவிட்டாலும் பொழைச்சுக்குவீங்க'ன்னாரு."