ஒஸ்லோவிலிருந்து பாரிசுக்கு

"ஒஸ்லோவிலருந்து பாரிசுக்கு எவ்வளவு தூரம் நானா?"

மட்டக்களப்பு டவுனில் இன்டர்நெட் கடை வைத்திருக்கும் மஜீட் நானா கம்பியூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"ஆயிரத்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல. பிளேனில ரெண்டேகால் மணித்தியாலம். ஏன் தங்கச்சி, விசா வந்திட்டா?"

யசோதினி கடைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். வவுணதீவிலிருந்து பஸ் ஏறி, பாலத்தடி ஆமிச் சென்றியில் சோதனைக்கு இறங்கி, பையைக் கொட்டிக் காட்டி இங்கே வந்து சேர அவளுக்கும் அவ்வளவு நேரம்தான் எடுத்தது.

கணவன் திவாகரனுக்கு ஒஸ்லோவில் வேலை. இவளைக் கூப்பிட விசாவுக்குப் போட்டிருந்தான். ஆறு மாதமாக ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை அவன் போன் வேலை செய்வதில்லை; இன்றும் அப்படித்தான். கேட்டால், "ஓவர்டைம்" என்பான்.

அவனோடு ஒரே அறையில் இருக்கும் நல்லரத்தினம் முந்தாநாள் லீவில் வந்தவர், பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். "ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பாரிசுக்குப் பறந்திருவான். ஏனெண்டு கேட்டா சிரிப்பான்."

பாரிசில் அவள் தங்கை கஜானி, புருஷனோடும் கைக்குழந்தையோடும் இருக்கிறாள். யசோதினி கடையிலிருந்தே அவளுக்குப் போன் எடுத்தாள்.

"அத்தான் உங்கட வீட்ட வாறவரா?"

"இல்லையே அக்கா. ஏன்?"

"அப்ப அங்க ஆரையோ வெச்சிருக்காரு. நீ இருக்கிற ஊருக்கு வந்தும் உன்ன எட்டிப் பாக்கல்ல எண்டா வேறென்ன? விசா பேப்பரக் கிழிச்சுப் போடப் போறன். எனக்கு அந்த மனுசன் வேணாம்."

"அக்கா, அவசரப்படாத..."

பின்னால் ஓர் ஆண்குரல் கேட்டது. "கஜானி, நேரம் போகுது. நீ வெளிக்கிடு. பிள்ளைய நான் பாக்கிறன்."

திவாகரனின் குரல்.

"கஜானி... நீயாடி?"

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது.

"ஐயோ, அப்பிடி நினைக்காத அக்கா! என்ட மனுசன் எங்கள விட்டுட்டுப் போய் ஆறு மாசம். சனி ஞாயிறு வேலைக்குப் போகாட்டி என்னை வேலையிலருந்து நிப்பாட்டிருவாங்க. ஒரு கிழமை பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையப் பாப்பா. மத்தக் கிழமை அத்தான் வருவாரு."

"என்னட்ட ஏன் சொல்லல்ல?"

"தம்பியச் சுனாமி கொண்டு போனதிலருந்து அம்மா அரை உசிராக் கிடக்கிறா. உனக்குத் தெரிஞ்சா உன்ட முகத்தப் பாத்தே அம்மா கண்டுபிடிச்சிருவா. நான்தான் அத்தானிட்ட சத்தியம் வாங்கினன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னவர்?"

"'யசோ என்னைச் சந்தேகப்பட்டாப் பரவாயில்ல. உயிரோட இருந்தா அவளுக்கு ஒரு நாளைக்குச் சமாதானம் சொல்லலாம். மாமிக்கு ஏதும் ஆச்செண்டா ஆரிட்டப் போய்ச் சொல்றது?' எண்டவர் அக்கா."