கோலமாவுப் பனிமலை

"இங்க வந்து பாரு. அவன் மறுபடியும் குப்புற விழுந்து கெடக்குறான்."

மாசிலாமணி கூப்பிட்ட குரலைக் கேட்டு அஞ்சம்மாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

கூடத்து மேசைமேல் ஒரு பனிமலை. தெர்மகோலை அறுத்து அடுக்கி, கோலமாவைத் தூவிச் செய்தது. மலையில் கூடாரம், மணல் மூட்டைகள், மெல்லிய செப்புக் காயில் கம்பியில் முள்வேலி. சுண்டுவிரல் உயரத்தில் ஏழு சிப்பாய்கள். மாசிலாமணி எம்-சீல் ஒட்டுப்பசையில் உருப்பிடித்து வர்ணம் அடித்தவை. ஆறு பேர் நின்றது நின்றபடி நின்றார்கள். உச்சியில் காவல் நிற்கும் ஏழாவது ஆள் மட்டும் பனியில் முகம் புதைத்துக் கிடந்தான்.

அவன்தான், வடக்கே நிஜப் பனிமலையில் காவல் நிற்கும் அவர்கள் மகன் வல்லரசு. பேர் எழுதவில்லை. ஆனால் இடது புருவத்துத் தழும்புவரை அப்படியே இருந்தது.

"எலி ஏதாச்சும் தள்ளியிருக்குமோ?"

"எலி வந்தா மாவுல தடம் இருக்காதா? நல்லா குனிஞ்சு பாரு."

ஒரு கீறல்கூட இல்லை.

அஞ்சம்மாள் செல்போனை எடுத்தாள். "போன மாசமும் இவன்தாங்க விழுந்தான். இருங்க, போனைப் போடுறேன்."

ஸ்பீக்கரில் வல்லரசு சிரித்தான். "நல்லாதாம்மா இருக்கேன். இன்னா, மறுபடியும் கெட்ட கனவா?"

"அப்படித்தான்னு வெச்சுக்க."

"அப்பா எப்படி இருக்காரு?"

"இதோ, பக்கத்துலதான் நிக்கிறாரு. பேசுறியா?"

மாசிலாமணி சட்டென்று பிரஷ்ஷை எடுத்து, எப்போதோ காய்ந்துபோன கூடாரத்துக்குப் பச்சை அடிக்க ஆரம்பித்தார்.

"சரி... வெச்சிடும்மா."

விஷயம் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் காதுக்குப் போனது. வாசலிலேயே நின்று சத்தம் போட்டாள்.

"பெத்த புள்ளைகிட்ட பேச வாய் வர்ல, பொம்மை செய்ய மட்டும் கை வருதாக்கும்! ஆள் உருவத்தை அச்சு அசலா செஞ்சு வெச்சா, அதுல ஏதாச்சும் வந்து குந்திக்கும் அஞ்சம்மா. ஜல்தியா தூக்கி வெளிய போடு!"

மாசிலாமணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

தள்ளியது பேயுமில்லை, எலியுமில்லை. இரண்டு தடவையும் அவரேதான்.

மகனோடு பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. ரயில்வே பரீட்சை எழுது என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். அவன் பட்டாளத்துக்குக் கிளம்பினான். விழுப்புரம் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது, ஜன்னலோரம் நடந்தபடி இவர் சொன்னார்: "செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதே."

அப்படிச் சொன்ன வாயால் எப்படி நலம் விசாரிப்பது? அவன் குரலைக் கேட்காமல் இருக்க முடியாது என்று ஆகும்போது, காவல்காரனை அவரே பெயர்த்துக் கவிழ்த்துவிடுவார். விரல் பட்ட இடத்தில் புது மாவைச் சலித்துத் தடத்தை மூடுவார். அஞ்சம்மாள் பயந்துபோய்ப் போனைப் போடுவாள். இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வார்.

அடுத்த வாரம், இவர் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் அஞ்சம்மாள் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். மகள் கலைப்பிரியா வீட்டுக்கு.

"ரெண்டு நாள்ல வந்துடுறேங்க. மாவு அரைச்சு வெச்சிருக்கேன், தோசை ஊத்திக்குங்க" என்று பஸ்ஸிலிருந்து போனில் சொன்னாள்.

இரண்டாம் நாள் காலையில் மாசிலாமணி எழுந்து கூடத்துக்கு வந்தார்.

காவல்காரன் குப்புறக் கிடந்தான்.

இவர் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

கதவைப் பார்த்தார். போட்ட தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. மலையைக் குனிந்து பார்த்தார். மாவில் எந்தத் தடமும் இல்லை. காவல்காரன் நின்ற இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு பள்ளம். காலுக்குக் கீழே இருந்த பனியை யாரோ உள்ளிருந்து உறிஞ்சிக்கொண்ட மாதிரி.

லேசாகக் கற்பூர வாசனை வேறு. அஞ்சம்மாள் ஊருக்குப் போனதிலிருந்து சாமி மாடத்தில் விளக்கே ஏற்றவில்லை.

மாசிலாமணி செல்போனைத் தேடி எடுத்தார்.

அஞ்சம்மாளுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. கலைப்பிரியாவும் எடுக்கவில்லை.

பொம்மையை எடுத்து நிறுத்திப் பார்த்தார். நிற்கவில்லை. பள்ளத்தில் சரிந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடியும் சரிந்தது.

'செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதே.'

மகன் நம்பர் மனப்பாடம்தான். இந்த இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அழுத்தியதில்லை. இன்றைக்கு அழுத்தினார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி அழுத்தினார். அதே குரல். அடுத்த தடவை எண்கள் கண்ணில் கலங்கின.

மணி அடித்தது. எடுத்தார்கள். காற்று இரைச்சல் மட்டும் கேட்டது.

"டேய்... வல்லரசு..."

"அப்பா?"

"கை கால் எல்லாம் நல்லா இருக்குதாடா?"

"நல்லா இருக்கேம்ப்பா."

"சாப்டியா?"

"சாப்ட்டேம்ப்பா." அவன் குரல் உடைந்தது. "நீங்க சாப்டீங்களா?"

"போன் ஏன்டா போகலை? உசுரே போயிடுச்சு எனக்கு."

"இந்த வாரம் புது எடத்துக்கு மாத்திட்டாங்க, இங்க ஒரு பாறை மேல ஏறினாதாம்ப்பா டவர் கிடைக்கும். நேத்துலேர்ந்து டூட்டி இல்லாத நேரமெல்லாம் அதுமேலதான் குந்திக்கினு இருக்கேன். இப்பதான் திரும்ப ஏறினேன்."

"அந்தக் குளுர்ல எதுக்குடா?"

"அம்மாதாம்ப்பா உக்காரச் சொல்லிச்சு. 'அப்பா செஞ்ச பொம்மையோட காலுக்கு அடியில வெச்சிருக்கேன், ரெண்டு நாள்ல கரைஞ்சிடும், அவரே உன்னைக் கூப்புடுவாரு'ன்னுச்சு. அது என்ன கற்பூரம்ப்பா?"