சிவப்பு நட்சத்திரத்தின் வெடிப்பு

தாழ்வுபாட்டுக் கருவாட்டு வாடியில் வெயில் உச்சிக்கு ஏறி நிற்கிறது. வலையில் காயும் கட்டா மீன்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறேன். வீட்டில் சிக்னல் இல்லாததால் என் மகள் டெல்சியா இங்கே கொட்டிலுக்குள் இருந்து, வெளிச்சம் கூசாமல் தலையையும் மடிக்கணினியையும் ஒரே துணியால் மூடியிருக்கிறாள். “தம்பி, உன்ர மகள் ஆவி பிடிக்கிறாளோ?” என்று உப்புப் போடும் மெற்றில்டா அக்கா சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூரத்துச் சிவப்பு நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் கிரகத்தில் காற்று மிஞ்சியிருக்கிறதா என்று மூன்று வருசமாய்ப் படிக்கிறாள். அந்த நட்சத்திரம் சும்மா கிடக்காதாம். வெடித்து வெடித்துக் கிரகத்தின் காற்றை உரித்தெடுக்குமாம். உப்புக் கையோடு நானும் துணிக்குள் குனிகிறேன். திரையில் அந்த நட்சத்திரத்தின் வெளிச்சத்தை அளந்து காட்டியபடி நேராக ஊர்ந்துவந்த கோடு ஊசிபோல் எழும்பி நிற்கிறது. “இவ்வளவு பெரிசு ஒருநாளும் வந்ததில்லை அப்பா.” அவளுடைய விரல் அந்த உச்சியை விட்டு அசையவில்லை. வெளியே கடற்காற்று விழுந்துவிட்டது. ஈக்களின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. “இனி அங்க காத்து மிஞ்சாதோ?” என்கிறேன். “இனியெண்டு இல்லை அப்பா. இந்த வெளிச்சம் அங்கயிருந்து வெளிக்கிட்டது தொண்ணூறாம் ஆண்டு. எல்லாம் அப்பவே முடிஞ்சிருக்கும்.” துணிக்குள் மூச்சு முட்டுகிறது. “தொண்ணூறில சண்டை வந்தநேரம் எங்களுக்குக் கடல் தாண்டி ஓடுறதுக்கு ஒரு வள்ளமெண்டாலும் இருந்தது, பிள்ளை.”